நாற்பதைத் தாண்டிய பிறகு பறவை பார்க்கப் போனால் என்ன மாறும்?

கேள்வி இது: "எனக்கு வயது 42. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஆபீஸ், வீடு, போன், இதைத் தாண்டி ஒன்றும் இல்லை. புதிதாக ஒரு ஹாபி ஆரம்பித்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்கிறார்கள். உண்மையிலேயே மாறுமா, இல்லை சும்மா சொல்கிறார்களா?"

மாறும். மன அழுத்தம் குறையும், புத்துணர்ச்சி வரும் என்றெல்லாம் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் நான் பார்த்த வரையில் பெரிய மாற்றம் நடப்பது வேறு இடத்தில். ஒரு நாளில் உங்கள் கண்ணும் காதும் எதன் மேல் போகிறது என்பது மாறிவிடுகிறது. அது மாறிவிட்டால் தூங்குகிற நேரம், பழகுகிற ஆட்கள், ஊரைப் பற்றி வருகிற கோபம் வரைக்கும் ஒவ்வொன்றாக அதன் பின்னாலேயே மாறும்.

எல்லா ஹாபிக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்: பறவை பார்ப்பது. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்குப் பல வருடங்களாகப் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வங்கியில் வேலை பார்ப்பவர், பள்ளிக்கூட டீச்சர், மருந்துக் கம்பெனி ரெப், ஓய்வு பெற்ற மின்வாரியக்காரர் என்று பலதரப்பட்டவர்கள். முக்கால்வாசிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள், உங்களை மாதிரியே ஏதோ ஒன்று குறைகிறது என்று வந்தவர்கள். நான் சொல்வதெல்லாம் அவர்களிடம் பார்த்ததுதான்.

முதல் நாள் வருகிறவர் கரையில் நின்று பொதுவாகச் சொல்வது, "நிறைய கொக்கு இருக்கு சார்" என்பதுதான். வெள்ளையாகவும் நீளமான காலோடும் இருந்தால் எல்லாமே கொக்கு. நான் ஒன்றும் திருத்த மாட்டேன். சாமநத்தம் கண்மாயில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக நிற்கும், அதில் ஒன்றை மட்டும் காட்டி, இதையே பத்து நிமிடம் பாருங்கள் என்பேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது, அவர் கை பாக்கெட்டில் இருக்கிற போனுக்குப் போகும். அப்புறம் நாரை தலையைத் தண்ணீருக்குள் விடும், ஏதோ தேடும், தலை ஆடுவது மட்டும் நமக்குத் தெரியும். நிமிர்ந்தால் அலகில் நத்தையின் சதை இருக்கும், ஓடு இருக்காது. பைனாகுலரில் பார்த்தால் அதன் இரண்டு அலகுக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், அலகை மூடினாலும் மூடாத இடைவெளி. கீழலகின் கூரான நுனியை ஓட்டுக்குள் விட்டு, சதையை ஓட்டோடு பிடித்து வைத்திருக்கும் தசையை அறுத்து, ஓட்டை உடைக்காமல் சதையை மட்டும் உருவிவிடுகிறது. இத்தனையையும் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியிலேயே, கண்ணால் பார்க்காமல் செய்கிறது. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வருகிறது.

இதைப் பார்த்தவரிடம் அதற்குப் பிறகு "கொக்கு" என்ற சொல் அவ்வளவு சுலபமாக வராது. பக்கத்தில் நிற்பதைக் காட்டி, அதன் அலகு மட்டும் ஏன் கீழே வளைந்திருக்கிறது என்று கேட்பார். அது அரிவாள் மூக்கன். இன்னொன்று தட்டையான அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் வீசிக்கொண்டே போகும், அது கரண்டிவாயன். ஒரே கண்மாயில் ஒரே தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொன்றும் வேறு வேறு சாப்பாட்டை வேறு வேறு விதமாக எடுக்கின்றன. எல்லாமே இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்தன. பைபாஸில் பைக்கில் போகும்போது தினமும் கடந்து போன கண்மாய்தான்.

சரி, இதில் வாழ்க்கை எங்கே மாறுகிறது என்று கேட்பீர்கள். நாற்பது வயதில் நம்மில் பலருக்கு மனசு பூராவும் நம்மைச் சுற்றியே ஓடுகிறது. மேனேஜர் என்ன நினைத்தார், ஈஎம்ஐ எப்போது முடியும், பையன் மார்க், அப்பாவின் சுகர், இப்படியே. ஓய்வெடுக்கலாம் என்று போனைத் திறந்தாலும் அதில் வருவதெல்லாம் நமக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு நம் முன்னால் வைக்கப்பட்டது, அதாவது அங்கேயும் நாம்தான். பறவை அப்படி இல்லை. நீங்கள் வந்தீர்களா போனீர்களா என்று அதற்குக் கவலையே கிடையாது. நீங்கள் தப்பாகப் பெயர் சொன்னால் அது மாறிக்கொள்ளப் போவதில்லை, நீங்கள்தான் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நம்மைச் சாராத ஒன்றின் முன்னால் மறுபடியும் ஒரு மாணவனாக நிற்பது, அதுவும் பரீட்சையும் பதவி உயர்வும் இல்லாமல் நிற்பது, இந்த வயதில் வேறு எங்கே கிடைக்கிறது? ஹாபி ஆளை மாற்றுகிறது என்றால் அந்த இடத்தில்தான் மாற்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பறவைதான் வேண்டும் என்று இல்லை. வீணை கற்கலாம், மரவேலை கற்கலாம், டெலஸ்கோப் வழியாக வானம் பார்க்கலாம். நீங்கள் செய்வது தப்பு என்றால் தப்பு என்று முகத்துக்கு நேராகக் காட்டுகிற ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தப்பான சுருதி காதுக்குத் தெரிந்துவிடும், கோணலாக அறுத்த பலகை பொருந்தாது. நாலு பேர் லைக் போடுவதற்காகச் செய்வதில் இது கிடைக்காது.

ஆராய்ச்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்வியில் "உண்மையிலேயே" என்று ஒரு சொல் இருக்கிறதே. 2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் 16 நாடுகளைச் சேர்ந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. ஹாபி உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும் வாழ்க்கையில் திருப்தி அதிகமாகவும் இருந்தன. லண்டன் கிங்ஸ் காலேஜ்காரர்கள் 2022-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் ஏறக்குறைய 1,300 பேரிடம் ஒரு ஆப் வழியாக நாளில் பல தடவை மனநிலையைக் கேட்டார்கள். பறவையைப் பார்த்த, அதன் குரலைக் கேட்ட நேரங்களில் மனநிலை மேலாக இருந்தது, அந்த விளைவு எட்டு மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு இருந்தவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இரண்டிலும் ஒன்று கவனிக்க வேண்டும்: இது அதோடு சேர்ந்து காணப்படுகிறது என்றுதான் இவை காட்டுகின்றன, இதனால்தான் அது வந்தது என்று முழுசாக நிரூபித்துவிடவில்லை. மனசு ஏற்கெனவே கொஞ்சம் நன்றாக இருப்பவர்தானே கிளம்பி வெளியே போவார். உண்மையிலேயே மனச்சோர்வு இருந்தால் டாக்டரைப் பாருங்கள், கண்மாயை அதற்குப் பதிலாக நினைக்காதீர்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே எங்களோடு நடக்கிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

ஹாபி ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபீபி ஸ்னெட்சிங்கரைத்தான் சொல்வேன். நாலு குழந்தைகளின் தாய், வீட்டோடு இருந்தவர். 1965-ல், 34 வயதில், பக்கத்து வீட்டுக்காரப் பெண்மணி ஒருவர் பைனாகுலரில் ஒரு சின்னப் பறவையைக் காட்டினார். தொண்டை நெருப்பு நிறத்தில் இருக்கும் பிளாக்பர்னியன் வார்ப்ளர் அது. அதோடு பிடித்துக்கொண்டது. 1981-ல் அவருக்குத் தோல் புற்றுநோய் முற்றிவிட்டது, ஒரு வருடம்கூடத் தாங்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் பறவை பார்க்கக் கிளம்பிவிட்டார். அதற்கு மேலும் 18 வருடங்கள் இருந்தார், 1995-ல் எட்டாயிரம் பறவையினங்களைப் பார்த்த உலகின் முதல் ஆள் ஆனார், 1999-ல் மடகாஸ்கரில் பறவை பார்க்கப் போன பயணத்தில் சாலை விபத்தில் இறந்தார். பறவை பார்த்ததால் புற்றுநோய் அடங்கியது என்று யாராவது இந்தக் கதையைத் திருப்பிச் சொன்னால் நம்பாதீர்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பயணங்களால் அம்மாவின் இறுதிச் சடங்குக்கும் மகளின் கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை, கணவரோடான உறவிலும் விரிசல் வந்தது. எண்ணிக்கையின் பின்னால் ஓட ஆரம்பித்தால் ஹாபியும் வீட்டைத் தின்னும். நம் ஊரிலும், சின்ன அளவில், நடக்கத்தான் செய்கிறது. ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்கு ஒருவர் கிளம்பிப் போகிறார் என்றால் அன்றைக்குக் காலை டிபனும் பிள்ளைகளும் மற்றவர் தலையில்தான் விழுகிறது. எங்களோடு வருகிற பெண்களால், முதல் நாளே மாவாட்டி வைத்து, சட்னிக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடிகிறது, ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம். உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், வாரத்தில் ஒரு காலை உங்களுக்கு என்றால் இன்னொரு காலை உங்கள் மனைவிக்கு என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காலையில் அவர் தூங்கினாலும் சரி.

சரி, நான் பார்த்த மாற்றங்களுக்கு வருகிறேன்.

உடம்பும் தூக்கமும் முதலில் மாறும், அதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காலை ஆறிலிருந்து எட்டரை வரைதான் பறவை நன்றாகக் கிடைக்கும், அதனால் ராத்திரி பன்னிரண்டு வரை ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னபோது நடக்காதவர்கள், கண்மாய்க் கரையில் மூன்று கிலோமீட்டர் போனதே தெரியாமல் போய்வருவார்கள்.

அடுத்தது காலம். இது என் மனசுக்கு நெருக்கமானது. ஆபீஸ் வேலையில் இருப்பவருக்கு மார்ச் என்றால் வருட முடிவு, ஜூலை என்றால் வருமானவரிக் கணக்கு, மற்ற மாதங்களுக்கு முகமே கிடையாது. பறவை பார்க்க ஆரம்பித்த ஒரு வருடத்தில் வேறு ஒரு பஞ்சாங்கம் மனசில் உட்கார்ந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் மத்திய ஆசியப் பக்கமிருந்து சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வரும். தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்கார ஆரம்பிக்கும். அதே சமயத்தில் வடக்கேயிருந்து ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம்மிடம் வருவது. ராத்திரியில் பறந்து வருவதால் களைத்துப்போய் சில சமயம் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கும், பச்சை, நீலம், அடிவயிற்றில் சிவப்பு என்று அவ்வளவு நிறத்தோடு. விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் அது விசில் அடிப்பதை ஒரு தடவை அடையாளம் தெரிந்துகொண்டவர் அடுத்த அக்டோபரில் அதற்காகக் காது கொடுத்துக் காத்திருப்பார். காத்திருக்க ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்கள் வயதில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோடையிலும் சும்மா இருக்காது. குயில் கூவுகிறதே, அது கறுப்பு நிற ஆண். பெண் குயில் பழுப்பாக, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும், கூவாது, கிக் கிக் என்று கத்தும். நம்மில் பாதிப் பேர் அதைப் பார்த்திருந்தாலும் குயில் என்று தெரிந்திருக்காது. ஜூன், ஜூலையில் உங்கள் ஆபீஸ் பக்கத்து மரத்தையே பாருங்கள். ஒரு காக்கை, தன்னுடையதே அல்லாத ஒரு குஞ்சுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கலாம். குயில் வைத்த முட்டையிலிருந்து வந்தது அது. எங்கள் குழுவில் ஒரு அம்மா இதைத் தன் சமையலறை ஜன்னல் வழியாகவே ஒரு மாதம் பார்த்தார், எந்தக் கண்மாய்க்கும் போகவில்லை.

மூன்றாவது, ஆட்கள். நாற்பதுக்கு மேல் புது நண்பர்கள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் நம்மை மாதிரியே சம்பளம் வாங்குகிற, நம்மை மாதிரியே பேசுகிறவர்கள்தான். கண்மாய்க் கரையில் அப்படி இல்லை. காலேஜ் பையன் சொன்னால் ஓய்வு பெற்ற அதிகாரி நோட்டில் எழுதிக்கொள்வார். கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கு எந்த மடைப் பக்கம் எந்தப் பறவை எத்தனை மணிக்கு வரும் என்பது எங்கள் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவர்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற வாய்ப்பு கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு வேறு எப்படி வரும்?

நாலாவதாக ஒன்று இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். துக்கமும் கூடவே வரும். பெயர் தெரியாத வரைக்கும் ஒரு கண்மாயில் குப்பை கொட்டினால் அது வெறும் குப்பை. அங்கே எந்த நாணலுக்குள் எது கூடு கட்டும் என்று தெரிந்த பிறகு அதே லாரியைப் பார்த்தால் வயிறு எரியும். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் வந்த அறிக்கையில், நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. அந்த அறிக்கையே ஏறக்குறைய 30,000 பறவை பார்ப்பவர்கள், அதாவது பெரும்பாலும் உங்களையும் என்னையும் மாதிரி வேறு வேலை பார்ப்பவர்கள், பதிவு செய்த மூன்று கோடிக் குறிப்புகளிலிருந்து செய்தது. அந்தத் துக்கம் சிலரை வேறு விதமாக மாற்றிவிடுகிறது. கிராம சபைக்குப் போகாதவர் போவார், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடக் கற்றுக்கொள்வார், கண்மாயின் சர்வே எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். இதை நான் நஷ்டமாக நினைக்கவில்லை. ஆனால் வெறும் நிம்மதி மட்டும் தேடி வருகிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இனி எப்படி ஆரம்பிப்பது. கேமரா வாங்காதீர்கள், முதல் வருடம் வேண்டவே வேண்டாம். கேமரா கையில் வந்தால் பறவையைப் பார்க்க மாட்டீர்கள், படத்தைத்தான் பார்ப்பீர்கள். படம் நன்றாக வர வேண்டும் என்று கூட்டுக்குப் பக்கத்தில் போகிற கெட்ட பழக்கமும் வரும். பைனாகுலர் 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கிறது. பத்து மடங்கு, இருபது மடங்கு என்று ஆசைப்படாதீர்கள், கை ஆடுவதும் சேர்ந்து பெரிதாகும். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடாதீர்கள். வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இது பழக ஒரு வாரம் ஆகும், பழகிவிட்டால் மறக்காது.

அதையும் இப்போதே வாங்க வேண்டாம். முதல் மாதம் மொட்டை மாடி போதும். காலையில் பதினைந்து நிமிடம், போனைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காகம், அண்டங்காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், தேன்சிட்டு, செம்போத்து, டொக் டொக் என்று விடாமல் தட்டுகிற குக்குறுவான். பெயர் தெரியாவிட்டால் அலகு எப்படி, வால் எப்படி, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். குரலுக்கு மெர்லின் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, கேட்டுவிட்டுப் பெயர் சொல்லும். ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எழுதாதீர்கள், ஆப்பும் தப்பு செய்யும். கொஞ்சம் பிடி கிடைத்ததும் அந்தப் பதினைந்து நிமிடக் குறிப்பையே இ-பேர்டில் பதிவு செய்யுங்கள். பார்த்த பறவைகளை யார் வேண்டுமானாலும் பதிவு செய்கிற இணையதளம் அது, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகம் நடத்துவது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பிப்ரவரியில் உலகம் முழுக்க நாலு நாள் நடக்கும். இரண்டிலும் உங்கள் மொட்டை மாடிக் குறிப்புக்கும் மதிப்பு உண்டு.

அப்புறம் நவம்பர், டிசம்பரில் மழை பெய்து கண்மாய், ஏரிகளில் தண்ணீர் வந்ததும் உங்கள் ஊரில் போகிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். சென்னை என்றால் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கொஞ்சம் தள்ளி வேடந்தாங்கல். கோவை என்றால் சிங்காநல்லூர் குளம். நெல்லைப் பக்கம் என்றால் கூந்தன்குளம், இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தை அங்கே பார்க்கலாம். மங்கின நிறச் சட்டை போடுங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பக்கமாகப் பார்த்துக் கரையில் நில்லுங்கள். மதுரைக்கு வருவதாக இருந்தால் ஜனவரியில் வாருங்கள், முதல் நாரையை நானே காட்டுகிறேன்.